மெயில் கணக்கைப் பூட்டும் முன் திரும்பி வரும் வழியைப் போடுங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெயில் கணக்கு ஒன்று பறிபோய், அதைத் திரும்ப வாங்கப் பல வாரம் மல்லுக்கட்டிய பிறகு இதை எழுதுகிறேன். கணக்கு என் அக்காவுடையது, உட்கார்ந்து பார்த்தது நான். வங்கி, போட்டோ, வரிக் கணக்கு, வேலை சம்பந்தமான கடிதங்கள் என்று எல்லாமே அந்த ஒரு முகவரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் சாவி தொலைந்தால் உரிமையாளர் எப்படி உள்ளே வருவார் என்பதை முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. திருடர்கள் பல நேரம் நுழைவதும் அந்த வழியில்தான், நம்மவர்கள் நிரந்தரமாக வெளியே நின்றுவிடுவதும் அந்த வழியைப் போடாததால்தான். அதனால் கீழே உள்ள வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

ஒரு அரைநாள் ஒதுக்கினால் போதும், ஆனால் இடையில் யாரும் கூப்பிடாத அரைநாளாக இருக்கட்டும். செலவு என்று பார்த்தால் 6ஆம் படியில் வரும் பாதுகாப்புச் சாவி (கணக்கைத் திறக்கக் கம்ப்யூட்டரில் செருகும் சின்ன யுஎஸ்பி கருவி) மட்டும்தான் காசு கேட்கும், அதுவும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. மற்றதெல்லாம் இலவசமாகவே முடியும்.

1. முதலில் கையில் எடுத்து வையுங்கள்

நீங்கள் தினமும் பயன்படுத்தும் போன், கம்ப்யூட்டர், காகிதம், பேனா. கூடவே இரண்டாவதாக ஒரு மெயில் முகவரி, முடிந்தால் வேறு நிறுவனத்தினுடையது. காகிதம் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மீட்புக் குறியீடுகளை (போன் கையில் இல்லாத நாளில் உள்ளே வர உதவும் எண்கள், 3ஆம் படியில் வரும்) ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனிலேயே வைத்தால் அது தானாகவே கிளவுடில் ஏறி, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அதே கணக்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். கணக்கு போனால் குறியீடும் கூடவே போகும். காகிதத்தை நெட் வழியாக யாரும் திருட முடியாது.

அந்தக் காகிதத்தில் இன்றைக்கே எழுத வேண்டியவை: கணக்கு தொடங்கிய மாதமும் வருடமும் (பழைய வரவேற்பு மெயிலைத் தேடினால் கிடைக்கும்), எந்தப் போன் எண்ணும் எந்த இரண்டாவது முகவரியும் இணைந்திருக்கின்றன, கணக்கைப் பயன்படுத்தும் சாதனங்களின் பெயர். பின்னால் மீட்புப் படிவம் ஒன்றை நிரப்ப நேர்ந்தால் இவை ஒவ்வொன்றும் தங்கம்.

2. கம்ப்யூட்டர் சுத்தமா என்று பாருங்கள்

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யாவிட்டால், புதுப் பாஸ்வேர்டையும் நீங்களே திருடன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்ஃபோஸ்டீலர் என்ற வகை வைரஸ்கள் இப்போது பெரிய தலைவலி. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு லாகின் குக்கீகளையும் அவை அள்ளிக்கொண்டு போகும். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆளாகவே அந்தத் தளம் திருடனை நினைத்துக்கொள்ளும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரின் வலையமைப்பை முடக்கின. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது.

இது எப்படி உள்ளே வருகிறது? திருட்டு மென்பொருள், விளையாட்டுக்கான ஏமாற்று நிரல்கள், அப்புறம் போலி ‘நான் ரோபோ இல்லை’ பக்கம். இந்தக் கடைசி வகையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்வீர்கள். உடனே, ‘சரிபார்க்க விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர்’ என்று வரும். நீங்கள் டிக் செய்த அந்த நொடியிலேயே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் அந்தப் பக்கம் வைத்துவிட்டது. மூன்று பட்டன்களை அழுத்தி அதை ஓட வைப்பது நீங்கள். உண்மையான எந்தத் தளமும் மனிதரா என்று பார்க்க இப்படிக் கேட்காது. கேட்டால் அந்த டேபை மூடிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். ஏதாவது சிக்கினால் அதை நீக்கியதோடு நிம்மதி அடையாமல், கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு சிஸ்டத்தையே புதிதாகப் போடுவது நல்லது. அதுவரை கீழே உள்ள படிகளை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து செய்யுங்கள்.

3. திரும்பி வரும் வழியைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போனால் மீட்புப் போன் எண், மீட்பு மெயில் என்று இரண்டு இடங்கள் இருக்கும். அங்கே இருக்கும் எண் இன்றைக்கும் உங்களுடையதா? விட்டுவிட்ட பழைய எண்கள் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்ச் சேரும். உங்கள் கணக்கின் குறியீடும் அவருக்கே போகும். மீட்பு மெயிலாக இருக்கும் முகவரியில் நீங்கள் எத்தனை வருடமாக நுழையவில்லை? கூகுள் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை நடைமுறைப்படுத்துகிறது. நீங்கள் நம்பியிருக்கும் மீட்பு முகவரியே இப்போது இல்லாமல் இருக்கலாம். இன்றைக்கே அதில் நுழைந்து பாருங்கள், அதற்கும் இதே படிகளைச் செய்யுங்கள். பலவீனமான மீட்பு முகவரி, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

அடுத்தது மீட்புக் குறியீடுகள். கூகுளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் ஏற்பாடு, 5ஆம் படியில் வரும் இரண்டாவது பூட்டு அதுதான்) இயக்கிய பிறகு எட்டு இலக்கம் கொண்ட 10 குறியீடுகள் கிடைக்கும், அதனால் அதை இயக்கியதும் இங்கே திரும்பி வந்து இவற்றை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். புதுத் தொகுப்பை உருவாக்கினால் பழையது உடனே செல்லாக்காசு, அதனால் காகிதத்தில் தேதி போட்டு வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை நம்பிக்கையான இன்னொரு இடத்திலும் வையுங்கள். போன் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், போன் தொலையும் நாளில் அதுவும் கூடவே போய்விடும்.

நம்பிக்கையான ஒருவரை மீட்புத் தொடர்பாகச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. ஆப்பிளில் 2021இலிருந்தே உண்டு, கூகுள் 2025 அக்டோபரில் கொண்டுவந்தது. அவருக்கு உங்கள் கணக்குக்குள் எதுவும் தெரியாது, நீங்கள் நீங்கள்தான் என்று உறுதி சொல்ல மட்டுமே முடியும். சேர்க்கும்போதே அவரிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நான் போனில் பேசி, என் குரலை நீங்கள் கேட்கும்வரை எதற்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

ஆப்பிள் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மீட்பு விசை’ என்று 28 எழுத்துகள் கொண்ட ஒன்றை இயக்கும் வாய்ப்பு அங்கே உண்டு. அதை இயக்கிய பிறகு விசையும் தொலைந்து, நம்பகமான சாதனங்களும் தொலைந்தால் ஆப்பிள் நினைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. காகிதத்தைப் பத்திரமாக வைக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

‘உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன’ மாதிரியான பாதுகாப்புக் கேள்விகள் எங்காவது மிச்சம் இருந்தால் உண்மையான பதிலைக் கொடுக்காதீர்கள். அந்தப் பதில்கள் பெரும்பாலும் உங்கள் போட்டோக்களுக்குக் கீழேயே எழுதியிருக்கும். சம்பந்தமில்லாத ஒரு பதிலைக் கொடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள்.

4. பாஸ்வேர்டு மேனேஜர்

உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போயிருக்கிறதா என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் மெயில் முகவரியைக் கொடுங்கள். எந்தெந்தத் தளக் கசிவுகளில் அது சிக்கியது என்று காட்டும். இலவசம்தான். பட்டியல் நீளமாக வந்தால் பதறாதீர்கள், பழைய முகவரி என்றால் அப்படித்தான் வரும். அங்கே பயன்படுத்திய அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு தளத்தில் கசிந்ததை மற்ற நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பதை மனிதர்கள் செய்வதில்லை, நிரல்கள் தானாகவே செய்கின்றன.

ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பாஸ்வேர்டு, அதை நினைவில் வைக்க மேனேஜர். பிட்வார்டனின் இலவசக் கணக்கே புதியவர்களுக்குப் போதும். எதையும் கிளவுடில் வைக்கப் பிடிக்காதவர்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி உண்டு, அதுவும் இலவசம், ஆனால் கோப்பை பேக்கப் எடுக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஆப்பிள், கூகுள் போன்களோடு வருவதைப் பயன்படுத்தினாலும் தப்பில்லை, எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

மேனேஜரையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே (பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் கோப்புகள்) திருடு போயின. உள்ளே இருந்த பாஸ்வேர்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் தள முகவரிகள் அப்படியே திறந்து கிடந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களின் பெட்டகங்களைத் திருடர்கள் நிதானமாக உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம், எந்தப் பூட்டும் குறுக்கே வராது. ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்களை வரிசையாகப் போடுங்கள். பாட்டு வரி, பழமொழி, திருக்குறள் எதுவும் வேண்டாம். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2025இல் வெளியிட்ட வழிகாட்டலும் நீளத்தைத்தான் கேட்கிறது: பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்துகள். எண்ணும் குறியும் கலந்தே ஆக வேண்டும், சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்ற பழைய விதிகளை அது வேண்டாம் என்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். மெயில் பாஸ்வேர்டு மேனேஜருக்குள் இருக்கிறது. புதுப் போனில் மேனேஜரைத் திறக்கப் போனால், ‘உங்கள் மெயிலுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்’ என்கிறது. மெயிலைத் திறக்க மேனேஜர் வேண்டும், மேனேஜரைத் திறக்க மெயில் வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடாத கணக்குகளில் பிட்வார்டன் 2025இலிருந்து புதுச் சாதனத்துக்கு இப்படித்தான் கேட்கிறது. தீர்வு எளிது: மெயில் பாஸ்வேர்டு, மாஸ்டர் பாஸ்வேர்டு, மேனேஜரின் மீட்புக் குறியீடு மூன்றும் அந்தக் காகிதத்திலும் இருக்க வேண்டும்.

5. இரண்டாவது பூட்டு

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, எதுவுமே இல்லாததற்குப் பரவாயில்லை, ஆனால் மெயில் கணக்குக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றித் தரும்படி மொபைல் நிறுவனத்தை ஏமாற்றிவிட்டால் குறியீடுகள் எல்லாம் திருடனுக்கே போகும். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே இப்படித்தான் பறிபோய், பிட்காயின் ஃபண்டுகளுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று பொய்ப் பதிவு ஒன்று அதில் வந்தது. உங்கள் மொபைல் நிறுவனத்திடம் சிம் மாற்றத்துக்குத் தனி பின் எண் வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட மேல், 30 நொடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் செயலி. நெட் வேண்டாம், சிம் வேண்டாம். கியூஆர் குறியைக் காட்டும் திரையிலேயே ரகசிய விசை எழுத்தாகவும் இருக்கும், அதையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போன் உடைந்தால் அந்த எழுத்துகளை வைத்து வேறு எந்தச் செயலியிலும் அதே எண்களை வரவழைக்கலாம்.

நீங்கள் கேட்காமல் ‘உள்ளே விடலாமா?’ என்று போனில் அறிவிப்பு வந்தால் வேண்டாம் என்று அழுத்துங்கள். திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது என்று பொருள். தொல்லை ஓய்ந்தால் போதும் என்று சரி கொடுத்துவிடாதீர்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

6. பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும்

செயலியின் ஆறு இலக்கத்தையும் ஏமாற்றி வாங்க முடியும். போலித் தளம் ஒன்று நடுவில் நின்று, நீங்கள் தட்டுவதை அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்திலோ மேனேஜரிலோ சேமிக்கப்படும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீயில் இது நடக்காது, ஏனென்றால் பாஸ்கீ அது உருவான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் அது வாயைத் திறக்காது. நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. 2022இல் ஒரே மாதிரியான ஏமாற்று எஸ்எம்எஸ் ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் போனது. ட்விலியோவில் திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். கிளவுட்ஃப்ளேரிலும் மூன்று ஊழியர்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அங்கே எல்லோரிடமும் இதே தொழில்நுட்பத்தில் இயங்கும் சாவி இருந்ததால் விஷயம் அதோடு நின்றது.

போடுவது சுலபம். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ‘பாஸ்கீ உருவாக்கு’ என்று இருக்கும், போனைத் திறக்கும் விரல்ரேகையையோ முகத்தையோ காட்டினால் முடிந்தது. விரல்ரேகை அந்தச் சாதனத்தை விட்டு வெளியே போகாது, அந்தப் பயம் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. பாஸ்கீ எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை அந்தச் சின்னப் பெட்டியில் வாசித்துப் பார்த்துவிட்டுச் சரி கொடுங்கள்: ஆப்பிளிலா, கூகுளிலா, உங்கள் மேனேஜரிலா, அல்லது அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயேவா? அவசரத்தில் அழுத்திவிட்டு அப்புறம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தேடுவது சாதாரணமாக நடக்கிறது. வெவ்வேறு இடங்களில் இரண்டு பாஸ்கீ இருக்கட்டும். மற்றவர்களும் திறக்கும் சாதனத்தில் உருவாக்காதீர்கள்.

யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்குவதென்றால் இரண்டாகத்தான் வாங்க வேண்டும், செலவைக் கணக்குப் போடும்போதே அப்படிப் போடுங்கள். ஒன்று கையில், ஒன்று பத்திரமான இடத்தில். ஆப்பிள் குறைந்தது இரண்டு சாவி இல்லாமல் சேர்க்கவே விடாது. பத்திரிகையாளர், கணக்காளர், பிறரின் பணத்தையோ ரகசியத்தையோ கையாள்கிறவர் என்றால் வாங்கிவிடுங்கள் என்பேன். மற்றவர்களுக்கு போனில் உள்ள பாஸ்கீயே போதும்.

அந்தப் போனின் பின் எண் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு இலக்கத்தைப் பின்னால் நின்று பார்த்தவன் போனையும் பறித்தால் எல்லாமே அவனுடையது. ஆறு இலக்கத்துக்கு மாறுங்கள். ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த ‘திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு’ வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். பழக்கமில்லாத இடத்தில் இருந்து ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமானால் அது ஒரு மணி நேரம் காக்க வைக்கும்.

7. உள்ளே ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா

பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அக்காவின் கணக்கு திரும்பக் கிடைத்த பிறகும் நான்கு நாளாக அவருக்கு வங்கியிலிருந்து எந்த மெயிலும் வரவில்லை. அமைப்புகளுக்குள் போய் ஃபில்டர் பட்டியலைத் திறந்தபோது ஒரே ஒரு வரி இருந்தது: அனுப்புநர் முகவரியில் வங்கியின் பெயர் இருந்தால், படித்ததாகக் குறி, குப்பைக்கு அனுப்பு. பாஸ்வேர்டு மாறினாலும் அந்த ஃபில்டர் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

ஆகவே ஃபில்டர்கள், வேறு முகவரிக்கு மெயிலை அனுப்பும் ஃபார்வேர்டிங், பதில் போகும் முகவரி, உங்கள் கணக்கை அணுக அனுமதி பெற்ற வெளிச் செயலிகள், ஆப் பாஸ்வேர்டுகள் (இரண்டாவது பூட்டைக் கேட்காமல் பழைய செயலிகளை உள்ளே விடும் தனிப் பாஸ்வேர்டுகள்), இணைந்த சாதனங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தெரியாதது எதுவானாலும் நீக்குங்கள். கடைசியில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிட்டு மறுபடி நுழையுங்கள், திருடிய குக்கீ அதோடு செத்துப்போகும்.

8. கணக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றால்

வேகம் முக்கியம். கூகுளில் மீட்புப் போனையோ மீட்பு மெயிலையோ திருடன் மாற்றியிருந்தாலும், மாற்றிய 7 நாட்களுக்குள் பழையதற்கே குறியீடு அனுப்பிப் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கலாம். வழக்கமாகப் பயன்படுத்திய சாதனம், அதே பிரவுசர், வழக்கமான இடத்தின் நெட், இவற்றிலிருந்து முயலுங்கள். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முயன்றால் உங்களையே திருடன் என்று சிஸ்டம் நினைக்கும். பழைய பாஸ்வேர்டு கேட்டால் நினைவில் உள்ளதில் சமீபத்தியதைக் கொடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கோரினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 30 நாளும் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் திருடன் அதே கோரிக்கையைக் கொடுத்திருந்தால் தடுத்து நிறுத்த உங்களுக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுதான். ஆப்பிளின் மீட்புக்கும் சில நாட்கள் அல்லது அதற்கு மேல் ஆகும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின்னைத் திருடன் போட்டுவிட்டால் 7 நாள் கழித்து அதை மீட்டமைக்கலாம். அதற்கு முன்பே உங்கள் எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீட்டைக் கொடுத்து அவனை வெளியேற்றிவிட முடியும்.

ஆவணங்கள்: சமூக வலைத்தளங்கள் சில அடையாள அட்டைப் படமோ முகத்தைக் காட்டும் வீடியோவோ கேட்கும். அதைச் செயலிக்குள்ளோ அவர்களின் தளத்திலோதான் கொடுக்க வேண்டும், மெயிலிலோ சாட்டிலோ யாருக்கும் அனுப்பாதீர்கள். பண இழப்பு ஏற்பட்டிருந்தால் வங்கிக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள், காவல் துறையிடம் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கி வையுங்கள். வந்த எச்சரிக்கை மெயில்கள், நேரம், தெரியாத சாதனத்தின் பெயர் எல்லாவற்றையும் படமெடுத்து வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

பொறி எது தெரியுமா? ‘என் கணக்கு போய்விட்டது’ என்று எங்காவது எழுதினால் போதும், மீட்டுத் தருகிறோம் என்று ஆட்கள் வரிசையில் வருவார்கள். தேடலில் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்களிலும் பல அவர்களுடையவையே. கணக்கு மீட்புக்கு கூகுள் காசு வாங்குவதில்லை. உங்களுக்கு வந்த குறியீட்டை யார் கேட்டாலும், எந்தப் பெயரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

9. ஒத்திகை

எல்லாம் முடிந்ததும் போனை அணைத்து மேசையில் வையுங்கள். கம்ப்யூட்டரில் பிரவுசரின் தனிப்பட்ட விண்டோ (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, கையில் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். ஒரு மீட்புக் குறியீடு செலவாகும், ஆகட்டும், பயன்படுத்தியதைக் காகிதத்தில் அடித்துவிடுங்கள். எங்கே தடைப்படுகிறதோ அந்தப் படிக்குத் திரும்புங்கள்.

போன் மாற்றும்போதும் இதையே செய்ய வேண்டும். புதுப் போனில் ஆதென்டிகேட்டர், பாஸ்கீ, மேனேஜர் மூன்றும் வேலை செய்வதை நேரில் பார்க்கும்வரை பழையதை அழிக்கவோ கொடுக்கவோ வேண்டாம், ஒரு வாரம் அலமாரியில் கிடக்கட்டும்.